இராமலிங்கம் பட்டியல், ராஜம்மாள் பட்டியல்

தீபத்தன்று காலை பதினோரு மணிக்கு மண்ணாங்கட்டி முதல் தடவை பந்தலுக்கு வந்தபோது, அருணகிரி வழக்கம்போல நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே புதிதாக எழுதிய பலகை தொங்கியது. 'இராமலிங்கம் தர்மப் பந்தல். ஐம்பதாவது ஆண்டு. காணாமற்போனோரைச் சேர்ப்பித்தல். இன்றுவரை ஒருவரும் விடுபட்டதில்லை.' கடைசி வரியை மட்டும் சிவப்பில் எழுதச் சொன்னவர் அவர்தான்.

வந்தவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் இட்லிப் பொட்டலம். இன்னொரு கையில் ஒரு ஜோடிச் செருப்பு, பெண்கள் போடும் செருப்பு.

"அம்மாவைக் காணோங்க. இட்லி வாங்கியாறேன், இங்கியே குந்தியிருன்னு சொல்லிட்டுப் போனேன். வந்து பாத்தா செருப்பு மட்டும் கீது."

"அழாதீங்க. பேர் சொல்லுங்க."

"மண்ணாங்கட்டிங்க."

"உங்க பேர் இல்ல, அம்மா பேர்."

"பாஞ்சாலை. அறுபத்தஞ்சு வயசு. பச்சைப் பொடவை. வலது கையில தேள் பச்சை குத்தியிருக்கும். கீழ்பென்னாத்தூருக்கு அந்தாண்ட எங்க ஊரு. அதுக்கு நெனப்பு கொஞ்சம் கம்மிங்க. பேரு கேட்டாக்கூட மாத்திச் சொல்லும்."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கோபி எல்லாவற்றையும் தட்டினான். டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். வாயில் எப்போதும் ஏதாவது ஒன்று அரைபடும், இன்றைக்கு வேர்க்கடலை. திரையைப் பார்த்தான்.

"இல்ல சார். உள்ள அந்த மாதிரி யாரும் இல்ல."

"மைக்குல சொல்லச் சொல்றேன்," என்றார் அருணகிரி. "நம்ம பந்தலுக்கு வந்தா கண்டிப்பா உங்க கையில சேரும். ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

மண்ணாங்கட்டி செருப்பைக் கீழே வைக்காமலே கும்பிட்டுவிட்டுப் போனான்.

செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டம் வெள்ளமாகப் போய்க்கொண்டிருந்தது. பந்தலுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம். வழிதவறி வந்தவர்களை அதன் முதல் வகுப்பறையில் உட்கார வைத்துச் சோறு போடுவது வழக்கம். பந்தலையும் வகுப்பறையையும் பிரித்தது ஒரு காடாத் துணித் திரை. அருணகிரியின் நாற்காலியிலிருந்து அந்த அறை வாசல் இருபது அடி.

அவருடைய அப்பா இராமலிங்கம் ஐம்பத்திரண்டில் முதன்முதலாகப் பந்தல் போட்டபோது வெளி மேசையில் அவரே உட்கார்ந்தார். ஆளைத் தேடி வருகிறவர்கள் அவரிடம் விவரம் சொன்னார்கள். உள்ளே, கண்டெடுத்துக் கொண்டுவந்தவர்களோடு அம்மா ராஜம்மாள் உட்கார்ந்தாள். இருவரும் போன பிறகும் அந்தப் பெயர்கள் நின்றன. தேடி வந்தவர்களை 'ராமலிங்கம் மேசைக்கு' அனுப்பினார்கள். தவறி வந்தவர்களை 'ராஜம்மாள் மேசைக்கு' அனுப்பினார்கள். குடும்பத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

இரண்டு வருஷம் முன்பு, மருமகள் ஆர்த்தி பந்தலுக்காக ஒரு புரோகிராம் எழுதினாள். எம்.சி.ஏ. படித்த பெண். வெளி மேசையில் ஒரு கம்ப்யூட்டர், உள்ளே ஒன்று, நடுவில் ஒரு ஒயர். வெளியே பதிகிற பெயர்கள் ஒரு பட்டியலில் சேரும், உள்ளே பதிகிற பெயர்கள் இன்னொன்றில். புதிதாக ஒரு பெயர் ஏறினால், எதிர்ப் பட்டியலில் அதே வயது, அதே உடை, அதே அடையாளம் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரே தேடிச் சொல்லும். அவ்வளவுதான் வேலை. எழுதி முடித்து, பெருமையாகத் திரையைக் காட்டினாள். ஒரு பட்டியலுக்குத் 'தேடப்படுவோர்' என்றும் மற்றதற்குக் 'கிடைத்தோர்' என்றும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தாள்.

"எங்க அப்பா அம்மா பேரு எங்கம்மா?" என்று கேட்டார் அருணகிரி.

"மாமா, அது பந்தல்ல போர்டுல இருக்கே. இது உள்ள இருக்கற பேரு, யாரும் பாக்க மாட்டாங்க."

"யாரும் பாக்காத எடத்துல பேரு இருந்தாத்தான் மரியாதை. போர்டு ஊருக்காக."

"நாளைக்கு வேற யாராவது இந்த புரோகிராமைத் தொட்டா அவங்களுக்குப் புரியணும் மாமா. பேரைப் பாத்த உடனே உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்."

"வேற எவன் தொடப் போறான்? இது நம்ம குடும்பத்துப் பந்தல்."

முப்பது வருஷம் ரெவின்யூ இலாகாவில் இருந்து துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவர். அவர் முடித்த பேச்சை வீட்டில் யாரும் தொடர்ந்ததில்லை. ஆர்த்தி பட்டியல்களுக்கு 'ராமலிங்கம்', 'ராஜம்மாள்' என்று பெயர் மாற்றினாள். இரண்டு தீபமும் நன்றாகவே நடந்தன.

இந்த வருஷம் அவள் பிரசவத்துக்கு வேலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மைக்கில் அறிவிக்கிறவர்கள் ஒரு வசதி கேட்டார்கள்: ஆண்கள் பெயர் தனியாக, பெண்கள் பெயர் தனியாக அச்சடித்து வேண்டும். பிள்ளை பெற்றவளைத் தொந்தரவு செய்வானேன் என்று அருணகிரி கோபியைக் கூப்பிட்டார். அவன் ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுத்துவிட்டான்.

*

இரண்டரை மணிக்கு மண்ணாங்கட்டி மறுபடி வந்தான். இட்லிப் பொட்டலம் இல்லை. செருப்பு மட்டும் கையில் இருந்தது.

"அடி அண்ணாமலை வரிக்கும் போயிட்டு வந்துட்டேங்க. எங்கியும் இல்ல."

கோபி மறுபடி தட்டினான். "இல்லண்ணா. பொருத்தம் எதுவும் வரல."

"சார், நான் ஒரு தபா உள்ள பூந்து பாத்துட்டு வந்துடட்டுமா? ஒரு நிமிசம். கண்ணால பாத்துட்டா மனசு ஆறும்."

திரைக்குப் பின்னால் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. அருணகிரி எழுந்து நின்றார்.

"அது முடியாதுங்க. சீட்டு இல்லாம யாரையும் உள்ள விடறதில்ல."

அது அவரே போட்ட சட்டம். ஏழு வருஷத்துக்கு முன்பு, தெரியாத ஒருத்தி உள்ளே நுழைந்து, ஒரு பெண் குழந்தையைத் தன் குழந்தை என்று தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டரோ ஆளோ இரண்டு பக்க விவரத்தையும் ஒத்துப் பார்த்து, சீட்டுக் கொடுத்தால்தான் திரை விலகும்.

"நான் யாரைங்க தூக்கினு போவப் போறேன்? எங்கம்மாதானே?"

"உங்களைச் சொல்லல. எல்லாருக்கும் ஒரே சட்டம். இதோ பாருங்க, ஐம்பது வருசமா இந்தப் பந்தல் நடக்குது. மேல எழுதியிருக்கே படிச்சீங்களா? எங்க பந்தல்ல இல்லைன்னா இல்லதான். வீணா நேரத்தைப் போக்காதீங்க. போலீஸ்ல எழுதிக் குடுங்க. பெரியாஸ்பத்திரியிலயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

மண்ணாங்கட்டி அண்ணாந்து பலகையைப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் போல உதடு அசைந்தது. பிறகு தலையாட்டினான்.

"நீங்க சொன்னா சரிங்க."

அவன் போன பிறகு கோபி கடலைத் தோலை ஊதிவிட்டுச் சிரித்தான். "இந்த வருசம் கம்ப்யூட்டர் ரொம்ப அமைதி சார். காலையிலேந்து ஒரு பொருத்தம்கூடக் குடுக்கல. எல்லாம் மைக்குலயே முடிஞ்சிடுது."

"ஜனங்க உஷாராயிட்டாங்க," என்றார் அருணகிரி. தன் சொந்தங்களின் பெயரைச் சொல்லத் தெரிந்த குழந்தைகளும் பெரியவர்களும் மைக்கில் கூப்பிட்டதும் சேர்ந்துவிடுகிறார்கள். பெயரே சொல்லத் தெரியாதவர்களுக்குத்தான் கம்ப்யூட்டர். அப்படிப்பட்டவர்கள் இந்த வருஷம் இல்லை போலும் என்று நினைத்து, அதற்காகக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார்.

ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்தது. சாலை முழுக்கக் கை குவிந்தது. அருணகிரியும் கும்பிட்டார். ஐம்பது நிறைந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

*

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பந்தலுக்கு வந்தபோது, உள் மேசையில் பதிவு செய்த பொன்னி வாசலில் காத்திருந்தாள். கோபியின் சென்டரில் படிக்கிற பெண், அடி அண்ணாமலைக்காரி.

"ஐயா, ஒரு பாட்டி மட்டும் இன்னும் இருக்காங்க. நேத்து காலையில பத்தே முக்காலுக்கு ஒரு கான்ஸ்டபிள் கொண்டாந்து வுட்டாரு. யாருமே வரல."

"பேர் என்ன?"

"சொல்லத் தெரியல. மைக்குல ஏதோ பேரு சொன்னாங்களேன்னு, பாஞ்சாலையா நீங்கன்னு கேட்டேன். அது எங்க அக்காடின்னாங்க. நான் பதிஞ்சிட்டேன் ஐயா, பச்சைப் பொடவை, கையில தேள்னு எல்லாம் போட்டேன்."

அருணகிரி திரையை விலக்கி உள்ளே போனார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பச்சைப் புடவை கட்டிய கிழவி வெறுங்காலோடு உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது முழங்கையில் ஒரு தேள். தோல் சுருங்கி அதுவும் சுருங்கியிருந்தது.

"வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் ஆர்த்தி, தம்பியோடு காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிறந்த இரண்டு மாதத்தில் பேரனைப் பந்தலுக்குக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்பது அருணகிரி கேட்டுக்கொண்டதுதான். குழந்தையைப் பொன்னியிடம் கொடுத்துவிட்டு, அவள் சொன்னதைக் கேட்டதும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே இருப்பவர்களின் பட்டியலை அச்சடித்தாள்.

பிரிண்டர் கீச்சிட்டுக்கொண்டே நீளமாகத் தாளைத் துப்பியது. நாற்பத்தொரு பெண்கள் உள்ளே இருப்பதாகச் சொன்னது. உள்ளே இருந்தது ஒரே ஒருத்தி.

அருணகிரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினாறாவது வரி, பத்தே முக்கால்: பெயர் தெரியாது, பெண், பச்சைப் புடவை, வலது கையில் தேள். பதினேழாவது வரி, பதினொன்று ஐந்து: பாஞ்சாலை, பெண், பச்சைப் புடவை, வலது கையில் தேள், மகன் மண்ணாங்கட்டி.

ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

"கோபியண்ணா," என்று கூப்பிட்டாள் ஆர்த்தி. கோபி அப்போதுதான் டீ கிளாஸோடு வந்தான். "ராஜம்மாள் பட்டியல்ல ஏன் எல்லாப் பொம்பளைங்களையும் சேத்திருக்கீங்க?"

"பொம்பளைங்க பட்டியல்தானே அது? ராமலிங்கம் ஆம்பளைங்களுக்கு, ராஜம்மாள் பொம்பளைங்களுக்கு. நீங்கதான் ஏற்கெனவே பிரிச்சு வச்சிருந்தீங்க. நான் எந்தப் பக்கம் பதிஞ்சாலும் ஆணா பெண்ணான்னு பாத்து அதுல போய்ச் சேர்ற மாதிரி மட்டும் மாத்தினேன். வேற எதையும் தொடல."

ஆர்த்தி கண்ணை மூடித் திறந்தாள். "அது ஆம்பளை பொம்பளை இல்லண்ணா. ராமலிங்கம்னா தேடறவங்க சொன்ன பேருங்க. ராஜம்மாள்னா உள்ள வந்து சேந்தவங்க. எதிர்ப் பட்டியல்லதான் அது தேடும். நீங்க மாத்தினதும், அந்தம்மாவை அது ஆம்பளைங்க நடுவுல தேடியிருக்கு."

கோபி கிளாஸை மேசையில் வைத்தான். "ஒரு ஆம்பளை பேரு, ஒரு பொம்பளை பேரு. வேற என்னன்னு நெனைக்கறது? நீங்களே சொல்லுங்க. அந்தப் பேருங்களுக்கு அர்த்தம் உங்க வூட்டு ஆளுங்களுக்குத்தானே தெரியும்?"

யாரும் அவனைத் திட்டவில்லை. ஆர்த்தி மாமனாரைப் பார்க்கவும் இல்லை. அவள் பார்க்காததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. 'நான்தான் முதல்லயே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எழுந்து கத்தியிருக்கலாம்.

கோபி தொண்டையைச் செருமினான். "சார், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அந்தம்மா ராத்திரி எட்டு மணிக்குத்தான் வந்தாங்கன்னு சொல்லிட்டா போச்சு. கெழவிக்கு நெனப்பும் இல்ல. நேரத்தை மாத்தறது எனக்கு ஒரு நிமிச வேலை. ஐம்பதாவது வருசம் சார். பலகையில வேற எழுதிட்டோம்."

"சும்மா இருங்கண்ணா," என்றாள் ஆர்த்தி.

அருணகிரி மாற்று என்றும் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை. "வேனைக் கூப்பிடு," என்றார்.

*

கீழ்பென்னாத்தூர் தாண்டி மண் சாலையில் வேன் குலுங்கிக்கொண்டே போனது. ஆர்த்தி பின் சீட்டில் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் அருணகிரி வாய்க்குள்ளேயே ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எட்டு மணிக்கு வந்தாங்க. எட்டு மணிக்குத்தான் கொண்டாந்து விட்டாங்க. ஆபீஸில் எத்தனையோ பேர் எழுதிக்கொடுத்த பொய்யை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். தன் வாயால் ஒன்று சொன்னதில்லை. ஆனால் இது தனக்காகவா? அப்பா பெயருக்காக. அம்மா பெயருக்காக.

வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். வேன் கதவு திறந்து பச்சைப் புடவை தெரிந்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் பின்னால் மண்ணாங்கட்டி. தாயைக் கட்டிக்கொள்ளவில்லை. எதிரே நின்று, அவள் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு உள்ளே ஓடி அந்தச் செருப்பைக் கொண்டுவந்து, குனிந்து அவள் காலில் மாட்டிவிட்டான்.

"குந்துங்க சார். ஏ, தண்ணி கொண்டா. இன்னா சார் நீங்களே வந்துட்டீங்க, சொல்லியனுப்பினா நான் வந்திருக்க மாட்டேனா?" அவன் கண் இரத்தமாகச் சிவந்திருந்தது. "நீங்க சொன்ன மாரியே ஆஸ்பத்திரிக்குப் போனேங்க. யாரோ ஊர் பேர் தெரியாத பொம்பளைங்க ரெண்டு பேரு செத்துக் கெடக்காங்கன்னு காட்டனாங்க. துணியை எடுத்து எடுத்துப் பாத்தேன். மொதலாவது பொணத்துக்கும் பச்சைப் பொடவை சார். எனக்குக் கால் வரல."

அருணகிரி, "எட்டு மணிக்குத்தான்..." என்று ஆரம்பித்தார். "ராத்திரி எட்டு மணிக்குத்தான் பந்தலுக்கு வந்தாங்க."

ஆர்த்தி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை பார்த்தாள்.

பாஞ்சாலை வாசற்படியில் உட்கார்ந்தபடி, தன் மருமகளிடம் சாவதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மத்தியானம் கத்திரிக்கா கொழம்பு ஊத்தனாங்கடி. அப்பளம்கூட வச்சாங்க. பசங்கதான் ஒரே அழுவாச்சி."

மண்ணாங்கட்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். நேற்றிலிருந்து அவன் சிரித்த முதல் சிரிப்பாக இருக்கவேண்டும்.

"அதும் பேச்சைக் கண்டுக்காதீங்க சார். அதுக்கு மத்தியானம் எது, ராத்திரி எது? நீங்க எட்டுன்னா எட்டுதான். பெரியவங்க பொய்யா சொல்லப் போறீங்க?"

சொம்பில் தண்ணீர் வந்தது. அவன் மனைவி இரண்டு கையாலும் நீட்டினாள். அருணகிரி அதை வாங்கவில்லை. பெற்ற தாயின் வார்த்தையைத் தள்ளிவிட்டு, ஒருவன் அவர் வார்த்தையை எடுத்துக்கொண்டான். இதைவிடப் பெரிய மரியாதையை இந்த ஐம்பது வருஷத்தில் யாரும் அந்தப் பந்தலுக்குக் கொடுத்ததில்லை.

"உங்க அம்மா சொல்றதுதான் நிஜம்," என்றார்.

"இன்னாங்க?"

"நேத்து காலையில பத்தே முக்காலுக்கே வந்துட்டாங்க. நீங்க வந்து கேட்டப்போ உள்ளதான் இருந்தாங்க. கம்ப்யூட்டர்ல ஆளுங்க பேரைப் போட்டு வைக்கற பட்டியலுக்கு எங்க அப்பா அம்மா பேரைத்தான் வைக்கணும்னு நான் அடம் பிடிச்சேன். அதனால வந்த தப்பு. வெளியாளுக்கு அது புரியல. மாத்தி வச்சிட்டான். எங்க மருமக மேலயும் தப்பில்ல, மாத்தின பையன் மேலயும் தப்பில்ல."

மண்ணாங்கட்டிக்குப் பட்டியலும் கம்ப்யூட்டரும் விளங்கியதா என்று தெரியவில்லை. அவன் கேட்டது வேறு.

"ரெண்டாந் தபா வந்து, உள்ள பூந்து பாக்கறேன்னு கேட்டனே, அப்பவும் அங்கதான் இருந்துச்சா?"

"ஆமா."

"எவ்ளோ தூரத்துல?"

"இருபது அடி."

"பச்சைப் பொடவைப் பொணத்து மேல துணியைத் தூக்கிப் பாத்தேன் சார்," என்றான் மெதுவாக. கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மனைவியின் கையிலிருந்த சொம்பை வாங்கித் தன் அம்மாவிடம் கொடுத்தான். "குடி. வெயில்ல வந்திருக்க."

அருணகிரி கும்பிட்டார். அவன் பதிலுக்குக் கும்பிடவில்லை.

*

பந்தலுக்குத் திரும்பியபோது பந்தக்கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கோபி ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நேரத்தை மாற்றட்டுமா என்று அவன் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவேண்டாம் என்று தெரிந்திருக்கும்.

ஆர்த்தி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தாள். 'ராமலிங்கம்' இருந்த இடமெல்லாம் 'தேடப்படுவோர்'. 'ராஜம்மாள்' இருந்த இடமெல்லாம் 'கிடைத்தோர்'. கோபி ஒரு இடத்தில் 'ஊர்' என்றும், அதையே வேறொரு இடத்தில் 'நேட்டிவ்' என்றும் எழுதியிருந்தான். அதையும் எங்கும் 'ஊர்' என்றே ஆக்கினாள். ஒவ்வொரு தடவை ஒரு பெயர் அழியும்போதும் அருணகிரிக்கு நெஞ்சில் எங்கோ இடித்தது. ஆனாலும் நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டு, கடைசிவரை பார்த்தார்.

"பேரை முழுசா எடுத்துட்டேன் மாமா. மேல முதல் வரியில தாத்தா பாட்டி நினைவான்னு ஒரு குறிப்பு மட்டும் போட்டு வைக்கட்டுமா? அதனால ஒண்ணும் ஆகாது."

"குறிப்பு போடு. ஆனா அது இல்ல." அவர் பலகையைப் பார்த்தார். யாரோ அதைக் கழற்றி மரத்தில் சாத்தியிருந்தார்கள். சிவப்பு வரி வெயிலில் பளபளத்தது. "ரெண்டாயிரத்து ஒண்ணு தீபம். பாஞ்சாலைன்னு ஒரு அம்மா இருபது அடி தூரத்துல இருந்தும் அவங்க புள்ளைகிட்ட இல்லைன்னு சொல்லிட்டோம். பட்டியலுக்குத் தப்பான பேரை வைக்கச் சொன்னவர் அருணகிரி. அப்படியே எழுது."

ஆர்த்தியின் விரல் நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனாரின் பெயரை அவள் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டில் எழுதும்போதுகூடக் கணவனிடம் பேனாவைக் கொடுத்துவிடுவாள்.

"உங்க பேரு வேணுமா மாமா?"

"வேணும்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். முடித்ததும் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அருணகிரி படித்தார். அது சரியாகத்தான் இருந்தது. எழுந்து போய், வண்ணம் பூசுகிறவனைக் கூப்பிட்டுக் கடைசி வரியை அழிக்கச் சொல்லிவிட்டு, பலகையின் முன்னால் முதுகை நேராக வைத்துக்கொண்டு நின்றார். சிவப்பு சீக்கிரம் போகவில்லை. மூன்று பூச்சுக்குப் பிறகும் வெள்ளைக்கு அடியில் அந்த வரி மங்கலாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.